பிற்பகலில் சேர்ந்தவர்

எங்கள் பள்ளி அலுவலக எழுத்தரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஆசிரியர்கள், காவலாளி, பிள்ளைகளைப் பெற்றவர்கள், சில சமயம் தலைமை ஆசிரியரும்கூட, எல்லோருக்கும் அவர் ரூல்ஸ் அக்காதான். அந்தப் பெயரை வைத்த புண்ணியவதி நான். விடுப்புக் கடிதத்தில் நீல மையால் எழுதிவிட்டு ஒரே ஓர் எழுத்தைக் கறுப்பு மையால் திருத்தியிருந்தேன் என்று மூன்று முறை திருப்பி அனுப்பினார். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். வீட்டுச் சுவரிலும் ரூல்ஸ் எழுதி ஒட்டி வைத்திருக்கிறீர்களா அக்கா என்று கேட்டேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நான்தான் நாலாவது முறையாக உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன்.

நான் அங்கே தையல் ஆசிரியை. எனக்கென்று தனி வகுப்பறை கிடையாது. அலுவலகத்தின் ஒரு மூலையை மரத் தடுப்பு வைத்து மறைத்து, நாலு தையல் இயந்திரங்களைப் போட்டு, இதுதான் உன் இடம் என்று விட்டுவிட்டார்கள். தடுப்புக்கு அந்தப் பக்கம் ரூல்ஸ் அக்கா. பதினேழு வருடம் அப்படி இருந்தோம். எந்தப் பீரோவைத் திறக்கிறார் என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன். நான் இயந்திரத்தை வேகமாக மிதித்தால், யார் மேல் கோபம் என்று தடுப்புக்கு மேலாகக் கேட்பார். வீட்டுக்காரர் மேல் என்பேன். இன்றைக்கும் அவர் மேல்தானா என்பார். அதற்கு மேல் சிரிப்பு கிடையாது. வேலை நேரத்தில் சிரிப்பதற்கு ரூல் இல்லை போலிருக்கிறது.

அந்தப் பீரோக்களில் எங்கள் எல்லோருடைய பணிப்பதிவேடுகளும் இருந்தன. சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெறும் நாள்வரை ஒருவருடைய உத்தியோக வாழ்க்கை மொத்தமும் எழுதப்பட்ட தடித்த நோட்டுகள் அவை. மழைக் காலத்தில் அந்த அறைச் சுவர் வியர்க்கும். அக்கா நோட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து மின்விசிறிக்கு அடியில் பரப்பிக் காயவைப்பார். யாராவது டீ டம்ளரோடு உள்ளே வந்தால் பார்வையாலேயே வெளியே அனுப்பிவிடுவார்.

அவருக்கு ஒரே மகள். வயது முப்பத்திரண்டு, ஆனால் மனசு ஆறு வயதிலேயே நின்றுவிட்டது. வீட்டில் அவள் பெயர் பாப்பா. நல்ல உயரம், அம்மாவைப் போலவே அகன்ற நெற்றி. தானே குளிப்பாள், தானே சாப்பிடுவாள். அடுப்பை மட்டும் தொட விடமுடியாது. கடைக்கு அனுப்பினால் கையிலிருக்கும் நோட்டைக் கொடுத்துவிட்டு, மீதியை வாங்காமல், சிரித்துக்கொண்டே வந்துவிடுவாள். அரை நாள் பள்ளி இருக்கும்போது அக்கா அவளை அழைத்து வருவார். என் பக்கம் உட்கார்ந்து பொத்தான்களை நிறம் வாரியாகப் பிரிப்பாள். என்னைத் தையல் சித்தி என்பாள். அவளுடைய அப்பா, அவளுக்கு இப்படி என்று டாக்டர்கள் சொன்ன வருடமே கிளம்பிப் போனவர். அவரைப் பற்றி அக்கா ஒரு நாளும் பேசியதில்லை. நானும், இத்தனை நீள வாயை வைத்துக்கொண்டு, கேட்டதில்லை.

பள்ளி ஊழியர்களான எங்களுக்கு அப்போது இருந்தது பங்களிப்புத் திட்டம். மாதா மாதம் சம்பளத்தில் பிடிப்பார்கள், கடைசியில் ஒரு தொகையைக் கையில் கொடுத்து வழியனுப்பி வைப்பார்கள். மற்ற அரசு அலுவலகங்களில் வெகு காலத்துக்கு முன் சேர்ந்தவர்களுக்கோ பழைய ஓய்வூதியம். சாகும்வரை மாதா மாதம் வரும். அவர்களுக்குப் பிறகு குடும்பத்துக்கு வரும். சம்பாதிக்க முடியாத பிள்ளை இருந்தால் அந்தப் பிள்ளை இருக்கும்வரை வரும். அந்தக் கடைசி வரி எந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று அக்காவுக்கு மனப்பாடம்.

பள்ளி ஊழியர்களையும் பழைய திட்டத்துக்கு மாற்றச் சொல்லி வருடக்கணக்கில் ஊர்வலம் போனோம், தெருவில் உட்கார்ந்தோம். அக்கா எதற்கும் வந்ததில்லை. வேலை நேரத்தில் கோஷம் போட ரூல் இல்லை என்பார். ஆனால் ஒரு தடவை, நான் தொண்டை கட்டிப்போய் வந்து உட்கார்ந்திருந்தபோது, தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து மெதுவாகச் சொன்னார்.

"மொத்தமா ஒரு தொகை வந்தா, எனக்கப்புறம் அது யார் கைக்குப் போகும்னு எனக்குத் தெரியும். எங்க அண்ணன் பையன் இப்பவே பாப்பா மேல ரொம்பப் பாசமா இருக்கான். மாசா மாசம் வந்தா அப்படி இல்ல. அவ உயிரோட இருந்தாத்தான் காசு வரும். காசுக்காகவாவது அவளை உயிரோட வச்சிருப்பாங்க."

இதை அவர் எரிச்சலோ அழுகையோ இல்லாமல், விடுப்பு விதியை விளக்குவது போலவே சொன்னார்.

அக்கா ஓய்வு பெற நாலு மாதம் இருக்கும்போது அரசாணை வந்தது. குறிப்பிட்ட ஒரு மாதத்தின் கடைசி நாளிலும், அதற்கு முன்பும் பணியில் சேர்ந்த பள்ளி ஊழியர்கள் அனைவரும் பழைய ஓய்வூதியத்துக்கு மாறலாம். மறுநாளிலிருந்து சேர்ந்தவர்களுக்குக் கிடையாது. விருப்பப் படிவத்தைப் பணிப்பதிவேட்டோடு சேர்த்து அனுப்ப வேண்டும். எங்கள் பள்ளியில் அந்தத் தேதிக்குள் சேர்ந்தவர்கள் முப்பத்தெட்டுப் பேர். உடற்பயிற்சி ஆசிரியர் துள்ளியதில் அவர் விசில் அறுந்து விழுந்தது. அக்கா அந்தக் கடைசி நாளன்றே சேர்ந்தவர். "நூலிழையில தப்பிச்சீங்கக்கா," என்றேன். அவர் சிரித்தார். வேலை நேரத்தில், பல் தெரிய. பதினேழு வருடத்தில் நான் பார்த்த முதல் சிரிப்பு அது.

பத்து நாள் எங்களைக் கண்ணில் விரலை விட்டு ஆட்டினார். கையெழுத்துப் பெட்டியைத் தாண்டிப் போனால் புதுப் படிவம். முப்பத்தெட்டுப் படிவத்திலும் ஓர் அடித்தல் கிடையாது. தன்னுடையதைக் கடைசியாக எழுதி, எல்லாவற்றையும் கட்டி, ஓய்வூதிய அலுவலகத்துக்கு அவரே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

ஒன்றரை மாதம் கழித்துப் படிவங்கள் மட்டும் திரும்பி வந்தன, முப்பத்தேழில் ஏற்கப்பட்டது என்ற முத்திரையோடு. முப்பத்தெட்டாவதில் முத்திரை இல்லை. பதிலாக இரண்டு வரி இருந்தது. பணியில் சேர்ந்த நேரம் பிற்பகல் எனப் பதிவாகியுள்ளதால் பணிக்காலம் மறுநாளிலிருந்தே கணக்கிடப்படும். ஆகவே விண்ணப்பதாரருக்குத் தகுதி இல்லை.

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அக்கா பொறுமையாக விளக்கினார். முற்பகலில் சேர்ந்தால் அந்த நாள் பணிநாள். பன்னிரண்டு மணிக்கு மேல் சேர்ந்தால் அந்த நாள் கணக்கில் வராது, மறுநாளிலிருந்துதான் சம்பளம், சர்வீஸ் எல்லாம். அந்த ரூல் சரிதான் என்றார். அவர் சொன்ன விதத்தில் யாரோ மூன்றாம் மனுஷியின் படிவத்தைத் திருப்பி அனுப்புகிறார் என்றுதான் தோன்றும். பிறகு தண்ணீர் குடிக்கப் போனவர் வெகுநேரம் வரவில்லை.

அந்த நாளில் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு இது முழுதாகத் தெரிந்தது எல்லாம் முடிந்த பிறகுதான். முன்பே தெரிந்திருந்தால் நான் அந்தக் காரியத்தைச் செய்திருக்க மாட்டேன்.

இருபத்தொன்பது வருடத்துக்கு முன், அந்த மாதக் கடைசி நாளில், மூன்று வயது மகளை அண்ணி வீட்டில் விட்டுவிட்டு, கேட் திறப்பதற்கு முன்பே அக்கா வந்துவிட்டார். தலைமை ஆசிரியர் மேலதிகாரிகள் கூட்டத்துக்குப் போயிருந்தார். அவர் அறைக்கு வெளியே கிடந்த பெஞ்சில், மடியில் நியமன ஆணையை வைத்துக்கொண்டு, எழுந்து தண்ணீர் குடிக்கக்கூடப் போகாமல் உட்கார்ந்திருந்தார். தலைமை ஆசிரியர் வந்தது மதியம் இரண்டு மணிக்கு. அக்கா சேர்க்கை அறிக்கையை நீட்டும்போதே இன்னொருவர் மூச்சிரைக்க ஓடிவந்தார். பஸ் வழியில் நின்றுபோய்ப் பாதித் தூரம் நடந்தே வந்தவர், சட்டை முழுக்க வியர்வை. அவரும் அன்றைக்குத்தான் வேலையில் சேர வேண்டும், உதவியாளராக. பள்ளி மணியை அவர்தான் அடிப்பார் என்பதால் பிற்காலத்தில் எங்கள் எல்லோருக்கும் பெல் அண்ணன் ஆனவர். ஊருக்கே நேரம் சொல்லுகிற அந்த மனுஷர் எந்த இடத்துக்கும் நேரத்துக்குப் போனவர் இல்லை. ஒரு நாள் சம்பளம் போய்விடுமே என்று அங்கேயே அழுதுவிட்டாராம்.

தலைமை ஆசிரியர் இரக்கமுள்ளவர். இரண்டு பேருக்கும் முற்பகல் என்றே போட்டுவிடும்மா என்றார். எழுத்தராக அக்காவுக்குக் கொடுக்கப்பட்ட முதல் வேலை, அந்த இரண்டு பதிவேடுகளின் முதல் பக்கத்தை எழுதுவது. பெல் அண்ணனுக்கு முற்பகல் என்று எழுதினார். தனக்கு எழுத வரும்போது கை நின்றுவிட்டது. அலுவலக விதிகளுக்கான பரீட்சையை அந்த மாதம்தான் எழுதியிருந்தார். மேலதிகாரி அறிக்கையை வாங்கிக்கொண்ட நேரமே பணியில் சேர்ந்த நேரம் என்பது பாடம். காலையிலிருந்து காத்திருந்தவர், படித்ததை மறக்காமல், தனக்குப் பிற்பகல் என்று எழுதிக்கொண்டார். ஒரு நாள் சம்பளம் போகுதேம்மா என்றாராம் தலைமை ஆசிரியர். ஒரு நாள்தானே சார் என்றாராம் அக்கா. இதைக் கேட்டபோது எனக்கு வந்த கோபத்துக்கு, அந்த முப்பத்தொரு வயது ரூல்ஸ் அக்காவை ஓர் அறை விட்டிருப்பேன்.

அந்தத் தலைமை ஆசிரியர் போய்ச் சேர்ந்து பத்து வருடமாகிறது. அன்று அங்கே இருந்தவர்களில் பள்ளியில் மிச்சம் இவர்கள் இரண்டு பேர்தான். நான் அப்போது வேறு பள்ளியில் இருந்தேன்.

மேல்முறையீடு செய்யுங்கள் என்று நான் ஒற்றைக் காலில் நின்றேன். அக்கா வேண்டாம் என்றார், பிறகு யோசிக்கிறேன் என்றார். பாப்பாவை நினைத்துப் பாருங்கள் என்றேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது. அன்று சாயங்காலமே ஒரு பக்க மனு எழுதினார். தலைமை ஆசிரியர் காலையில் கூட்டத்துக்குப் போயிருந்ததால் அறிக்கையை மதியம்தான் வாங்கினார், நான் காலையிலிருந்தே பள்ளியில் இருந்தேன், கருணையோடு பரிசீலிக்க வேண்டும் என்று. அவ்வளவுதான். பெல் அண்ணனைப் பற்றி ஒரு சொல் இல்லை. நான் அதை மறதி என்று நினைத்தேன். ரூல்ஸ் அக்காவுக்கு மறதியா என்று எனக்கு ஒரு நிமிடமாவது தோன்றியிருக்க வேண்டாமா?

என் மூளைதான் வேலை செய்தது. பெல் அண்ணனும் அதே நாளில் சேர்ந்தவர், அவர் படிவம் ஏற்கப்பட்டதால் அவர் பதிவேட்டில் முற்பகல் என்றுதான் இருக்க வேண்டும். அப்படியானால் அவர் அன்று காலை அங்கே இருந்தவர்தானே. அவரைவிட நல்ல சாட்சி ஏது? ஒரு கடிதம் எழுதினேன். நான் காலையில் பணியில் சேர வந்தபோது இந்த அம்மாள் பெஞ்சில் காத்துக்கொண்டிருந்ததைக் கண்ணால் பார்த்தேன் என்று. மணியடித்துவிட்டு வந்தவரிடம் நீட்டினேன். அவர் படித்தார், மறுபடி படித்தார். முகம் வெளுத்துப் போயிற்று. அக்காவுக்குத் தெரியுமா என்று மட்டும் கேட்டார். தெரிந்தால் விடமாட்டார், கையெழுத்துப் போடுங்கள் அண்ணே என்றேன். அவர் மனைவிக்குக் கண் பார்வை போய்க்கொண்டிருந்த சமயம் அது, அவருக்கும் அந்த ஓய்வூதியம்தான் எல்லாம். இருந்தும் போட்டார். வாயைத் திறந்து உண்மையைச் சொல்ல வெட்கம், அக்காவுக்கு உதவ மாட்டேன் என்று சொல்லவும் மனசு வரவில்லை. மனுவின் பின்னால் அந்தக் கடிதத்தை நானே குண்டூசி குத்தி உறையை ஒட்டினேன்.

விசாரணைக்கு அழைத்தார்கள். அக்காவுக்குத் துணையாக நான் போனேன். பெல் அண்ணனுக்கும் தனியாக அழைப்பு வந்திருந்தது, அக்காவுக்கு அது தெரியாது. வழக்கம் போல அவர் வந்து சேரவில்லை. ஓய்வூதிய அலுவலகத்தில் இரண்டாவது மாடி, நீளமான கூடம், மேசைக்கு மேசை கயிறு கட்டிய கட்டுகள். அதிகாரி நாற்பது வயதுக்காரர். எழுந்து நின்று அக்காவை உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார். இவர் கெட்டவராக இருந்திருந்தால் திட்டித் தீர்த்தாவது மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன்.

மனுவைப் படித்தார். தலைமை ஆசிரியர் இல்லாததால் தாமதம் என்றால் அது ஊழியரின் தவறு அல்ல, அப்படிச் சில பேருக்குச் சாதகமாக முடிவு செய்திருக்கிறோம் என்றார். என் நெஞ்சில் பால் வார்த்தது போலிருந்தது. பிறகு தாளைத் திருப்பினார். பின்னால் குத்தியிருந்த கடிதத்தைப் படித்தார். அக்காவின் கழுத்து மெல்ல என் பக்கம் திரும்பியது. அந்தப் பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

அங்கேயே இருந்த பெல் அண்ணனின் பதிவேட்டை எடுத்துவரச் சொல்லி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார் அதிகாரி.

"அம்மா, இவருக்கு முற்பகல்னு தலைமை ஆசிரியர் கையெழுத்துப் போட்டிருக்கார். அப்போ அவர் காலையில ஸ்கூல்லதானே இருந்திருக்கணும்? நீங்க அவர் இல்லைன்னு எழுதியிருக்கீங்க."

அதிகாரி ஒரு தாளையும் பேனாவையும் அக்காவின் பக்கம் நகர்த்திவிட்டு, இன்னும் தணிந்த குரலில் சொன்னார்.

"ரெண்டுல ஒண்ணுதான் சரியா இருக்க முடியும். இந்த முற்பகல் தப்புன்னு நீங்க எழுதிக் குடுத்தா, உங்க மனுவை நான் ஏத்துக்க முடியும். எழுதினதும் உங்க கையெழுத்துதான், தெரியுது. அவர் விஷயத்தை அப்புறம் தனியா விசாரிப்பாங்க. யோசிச்சுச் சொல்லுங்க."

தாளும் பேனாவும் அக்காவின் முன்னால் இருந்தன. பெல் அண்ணனின் முற்பகல் பொய் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. எழுதுங்கள் அக்கா என்று சொல்ல நினைத்தேன். பெல் அண்ணனின் முகம் வந்து நின்றது. எழுதாதீர்கள் என்று சொல்ல நினைத்தேன். பாப்பா வந்து நின்றாள். ஊருக்கே வாய் கொடுக்கிற நான், நாக்கு ஒட்டிக்கொண்டது போல உட்கார்ந்திருந்தேன்.

"பதிவு சரிதான் சார்," என்றார் அக்கா. "நான்தான் லேட்டா வந்தேன். பஸ் நின்னுபோச்சு. பாதித் தூரம் நடந்தே வந்தேன்."

அதிகாரி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். நம்பவில்லை என்று முகத்தில் தெரிந்தது. ஆனால் எழுதிக்கொண்டார். அவரும் வேறென்ன செய்வார்? மனு தள்ளுபடி ஆயிற்று. படியிறங்கும்போது பெல் அண்ணன் எதிரே ஓடிவந்தார். என்னக்கா ஆச்சு என்றார். அக்கா நிற்காமல் இறங்கினார். பெல் அண்ணன் படிக்கட்டிலேயே உட்கார்ந்து என்னிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதார். போகிறவர் வருகிறவர் எல்லாம் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

மூன்று வாரம் அக்கா என்னோடு பேசவில்லை. இயந்திரத்தை எவ்வளவு வேகமாக மிதித்தாலும் தடுப்புக்கு அந்தப் பக்கம் சத்தமில்லை. எனக்குத் திட்டு வேண்டியிருந்தது. எதுவும் கிடைக்கவில்லை. பெல் அண்ணன் ஒரு நாள் உள்ளே வந்து, தனக்கு வரப்போவதில் பாதியைக் கொடுத்துவிடுகிறேன் என்றார். அக்கா எழுதிக்கொண்டே சொன்னார்.

"அதுக்கு ரூல் இல்ல தம்பி. நீ போயிட்டா அதுவும் உன்னோட போயிடும். அப்புறம் பாப்பாவுக்கு யார் குடுப்பா? போய் மணியடி."

பதிவேடுகளும் திரும்பி வந்தன; பழைய திட்டத்துக்கு மாறிய முப்பத்தேழு பேரின் பதிவேட்டிலும் அதைக் குறிக்க வேண்டியது எழுத்தர் வேலை. என்னுடையதை எழுதினார். பெல் அண்ணனுடையதை எழுதினார். வரிக்கு வரி அதே நிதானம், அதே கறுப்பு மை. நான் தடுப்பின் இடுக்கு வழியே பார்த்தேன். எழுதி முடித்து மை காய்வதற்காக ஊதிக்கொண்டிருந்தார். எழுந்து போய் அந்த நோட்டைப் பிடுங்கிக் கிழித்துவிடலாமா என்றிருந்தது. கிழித்து என்ன ஆகப்போகிறது? உட்கார்ந்தே இருந்தேன்.

ஓய்வு பெறும் நாளில் கூட்டம் வேண்டாம் என்றுவிட்டார். சாவிக் கொத்தைத் தலைமை ஆசிரியரிடம் கொடுத்து ரசீது வாங்கிக்கொண்டார். பாப்பாவை அழைத்து வந்திருந்தார். அவள் எல்லோருக்கும் கை கொடுத்துக்கொண்டிருந்தாள், பெல் அண்ணனுக்கு இரண்டு தடவை. அக்கா தடுப்பைச் சுற்றிக்கொண்டு என் பக்கம் வந்தார். அத்தனை வருடத்தில் அவர் அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, என்னால்தான் அக்கா என்று ஆரம்பித்தேன். அவர் கையை விடுவித்துக்கொள்ளவில்லை.

"அதை விடு. அந்தத் தொகையை பாங்க்ல அவ பேர்ல போட்டிருக்கேன். எங்க அண்ணன் பையன் கையெழுத்து இல்லாம எடுக்க முடியாதாம். வேற ஆளை போட வழியில்ல, ரத்த சம்பந்தம் கேக்கறாங்க." வாசல் பக்கம் பாப்பாவைத் திரும்பிப் பார்த்தார். "எனக்கப்புறம் மாசம் ஒரு தடவை போய் அவளைப் பாப்பியா? சாப்பிட்டாளான்னு மட்டும் கேட்டா போதும்."

பார்க்கிறேன் அக்கா என்றேன். அவர் தலையாட்டினார். பாப்பா வாசலில் நின்று அம்மாவைக் கூப்பிட்டாள். எனக்கு அக்காவைவிட மூன்று வயதுதான் குறைவு. அது அவருக்குத் தெரியும், பதினேழு வருடமாக என் பதிவேட்டை எழுதிவந்தவரே அவர்தான்.